கருணையால் தந்தையானவர்
மகாத்மா ஜோதிராவ் பூலேயின் வாழ்க்கை

மகப்பேறு வாய்க்காத இல்லத்தார் பிறர் ஈன்ற மகவை எடுத்துத் தம் மகவாகப் பேணும் வழக்கம் நம் நாட்டில் தொன்றுதொட்டு நிலவி வருகின்றது. ஆயின், அம்மகவை எதன்பொருட்டு எடுக்கின்றோம் என்று தம்மைத் தாமே வினவிக் கொண்டோர் மிகச் சிலரே. வைதிக சாத்திரங்கள் இதற்கு ஒரு விடை கூறின. புதல்வன் இல்லாதவன் 'புத்' என்னும் நரகில் வீழ்வான். கொள்ளி வைக்கவும் பிண்டம் இடவும் ஒரு மகன் வேண்டும். ஆதலின் மகன் பிறவாவிடில் ஒருவனைச் சுவீகாரம் செய்துகொள்க என்பதே அவ்விடை. அவ்வாறு எடுக்கப்படுவோன் தன் வருணத்தானாக இருத்தல் வேண்டும். அவனைப் பெற்றோரே கையளித்தல் வேண்டும். எனவே, பெற்றோர் இன்னார் எனத் தெரியாத குழந்தைக்கும், பெற்றோரை இழந்த குழந்தைக்கும் அச்சட்டத்தில் இடமில்லை. பெண் மகவுக்கும் இடமில்லை. யாருக்குத் தாய்தந்தையர் மிகுதியும் தேவையோ அவரையே அம்முறை வாயிலில் நிறுத்திவிட்டது.

பௌத்தர்களாகிய நாம் அறிந்த விடை வேறு. வினய பிடகத்து மகாவக்கம் கூறும் ஜீவகர் வரலாற்றை நம் அன்பர்கள் கேட்டிருப்பர். இராசகிருகத்துக் கணிகை சாலவதி, தான் ஈன்ற ஆண் மகவை முறத்தில் வைத்துக் குப்பை மேட்டில் எறியச் செய்தாள். காக்கைகள் சூழ்ந்திருந்த அம்மகவை அவ்வழிச் சென்ற அபய இளவரசன் கண்டான். குழந்தை உயிருடன் இருக்கிறதா என்ற ஒன்றை மட்டுமே அவன் கேட்டான். இருக்கிறது என்றதும் எடுத்துவரச் செய்து அரண்மனையில் வளர்த்தான். குலம் யாது, தந்தை யார் என்னும் வினாக்கள் அங்கே எழவில்லை. அக்குழந்தையே பின்னர்த் தக்கசீலத்தில் மருத்துவம் பயின்று, பகவன் புத்தருக்கும் சங்கத்தாருக்கும் மருத்துவராக விளங்கிய ஜீவகர்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் கழிந்த பின்னர், மராட்டிய நாட்டுப் புனே நகரில் அதனையொத்த செயல் ஒன்று நிகழ்ந்தது. அதனைச் செய்தவர் அரச குமாரர் அல்லர். மலர் விற்கும் குடியிற் பிறந்தவர். நம் அண்ணல் அம்பேத்கர் புத்தர், கபீர் என்னும் இருவரோடு தம் மூன்றாவது ஆசானாகப் போற்றிய மகாத்மா ஜோதிராவ் பூலேயே அவர். அவர்தம் வாழ்வை, அவர் தந்தையான வரலாற்றை முதன்மையாகக் கொண்டு ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

தாயற்ற சேய்

ஜோதிராவ் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் பிறந்தார். தந்தை கோவிந்தராவ், தாய் சிம்ணாபாய். மாலி எனப்படும் தோட்டக்காரர் வகுப்பினர். பேஷ்வாக்களின் அரண்மனைக்கு மலர் அளித்து வந்தமையால் 'பூலே' என்னும் பெயர் அக்குடும்பத்திற்கு அமைந்தது.

குழந்தைக்கு ஓராண்டு நிறையுமுன் தாய் இறந்தார். கோவிந்தராவ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. இளமையிலேயே கணவனை இழந்திருந்த சகுணாபாய் என்னும் உறவுப் பெண்மணி அக்குழந்தையை வளர்த்தார். அவ்வம்மையார் கிறித்துவப் பாதிரியார் ஒருவரது இல்லத்தில் குழந்தைகளைப் பேணும் வேலை செய்து வந்தவர். மாயாதேவியார் மறைந்தபின் சித்தார்த்தரை மகாபிரஜாபதி கௌதமியார் வளர்த்தமையை இஃது நமக்கு நினைவூட்டுகின்றது. பிறர் வயிற்றிற் பிறந்த பிள்ளையைத் தன் பிள்ளையாக நேசித்தல் இயலும் என்பதை ஜோதிராவ் நூலிற் கற்கவில்லை. தம்மை வளர்த்தவர் மடியிலேயே கண்டறிந்தார்.

1840இல் ஜோதிராவுக்கும், சாத்தாரா மாவட்டத்து நாய்காவ் என்னும் ஊரில் 1831இல் பிறந்த சாவித்திரிபாய்க்கும் திருமணம் நிகழ்ந்தது. மணமகனுக்கு வயது 13, மணமகளுக்கு 9. அக்கால வழக்கம் அது. கணவர் தாம் கற்றதை மனைவிக்கும் கற்பித்தார். 1848ஆம் ஆண்டு புனே நகரின் பிடே மாளிகையில் இருவரும் பெண்களுக்கெனப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். சாவித்திரிபாய் அதன் ஆசிரியை ஆனார். பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மீது சேறும் சாணமும் வீசினர். அவரோ மாற்றுப் புடைவை ஒன்றை உடன் எடுத்துச் சென்று, பள்ளியில் உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார். ஊராரின் நெருக்குதலுக்கு அஞ்சிய கோவிந்தராவ் 1849இல் மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேற்றினார். அப்பொழுது அவர்களுக்கு இடமளித்தவர் உஸ்மான் ஷேக் என்னும் இசுலாமிய அன்பர். தீண்டாதார் எனப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் இவர்கள் பள்ளிகள் நடத்தினர். 1868இல் தம் வீட்டு நீர்நிலையை அம்மக்களுக்குத் திறந்துவிட்டனர்.

இவ்வளவும் செய்த தம்பதியருக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. இன்னொரு பெண்ணை மணந்துகொள்ளுமாறு உற்றார் ஜோதிராவை வற்புறுத்தினர். அவர் இசையவில்லை. ஓர் ஆண் இரு மனைவியரை வைத்துக்கொள்வது முறையெனில், ஒரு பெண் இரு கணவரை வைத்துக்கொள்வதை அந்த ஆண் பொறுப்பானா என்பது அவர் பின்னாளில் தம் நூலிலும் எழுப்பிய கேள்வி. மகன் வேண்டும் என்பதற்காக மனைவியின் உள்ளத்தைப் புண்படுத்தல் அறமன்று என்பதே அவர் கொள்கை.

மறைவிற் பிறந்த மகவுகள்

அக்காலத்துப் பிராமண விதவையரின் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் கைம்பெண் ஆயினோர் பலர். 1856ஆம் ஆண்டுச் சட்டம் மறுமணத்திற்கு இடமளித்தும், சமூகம் இடமளிக்கவில்லை. தலையை மழித்து, மூலையில் ஒதுக்கி, வீட்டு வேலைக்கெனவே அப்பெண்களை வைத்திருந்தனர். அத்தகையோரை வீட்டு ஆடவரோ அயலாரோ கெடுத்துக் கருவுறச் செய்வதும், பின்னர்ப் பழி முழுவதையும் அப்பெண்மீதே சுமத்துவதும் நிகழ்ந்தன. அவர்கட்கு முன் இருந்த வழிகள் மூன்றே: கருவை அழித்தல், பிறந்த சிசுவைக் கொல்லுதல், தாமே உயிர்விடுதல்.

ஜோதிராவின் பிராமண நண்பர் சதாசிவ பல்லாள் கோவண்டே. அவர் இல்லத்தில் சமையல் வேலை செய்து வந்த காசிபாய் என்னும் இளம் விதவை, அயலிலிருந்த சாஸ்திரி ஒருவனால் கருவுற்றாள். கருவை அழிக்க முயன்றும் இயலவில்லை. பிறந்த குழந்தையைக் கொன்று கிணற்றில் எறிந்தாள். செய்தி வெளிப்பட்டது. வழக்கு நடந்தது. அவளுக்கு அந்தமானில் ஆயுள் தண்டனை விதித்தனர். அவளைக் கெடுத்தவனுக்கு ஒன்றும் நேரவில்லை.

இச்செய்தி ஜோதிராவின் உள்ளத்தை உலுக்கியது. 1863இல் அவரும் சாவித்திரிபாயும் சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் ஒன்றைத் தம் பொறுப்பிலேயே தொடங்கினர். கருவுற்ற விதவையர் இரகசியமாக வந்து நலமுடன் மகப்பெறலாம். குழந்தையை உடன் கொண்டு செல்லினும் செல்லலாம், விட்டுச் செல்லினும் செல்லலாம் என்னும் அறிவிப்புகளைப் பிராமணர் வாழும் தெருக்களில் ஒட்டச் செய்தனர்.

1884ஆம் ஆண்டு, குழந்தை மணம் குறித்தும் கட்டாய விதவைமை குறித்தும் பெஹ்ராம்ஜி மலபாரி என்னும் பார்சி சீர்திருத்தக்காரர் எழுப்பிய விவாதத்திற்குத் தம் கருத்தை ஜோதிராவ் எழுதி அளித்தார். அதில் அவர் தந்த கணக்கு நம் நெஞ்சை நடுங்கச் செய்கின்றது. அதுகாறும் அவ்வில்லத்திற்கு வந்து மகப்பெற்ற பிராமண விதவையர் 35 பேர். உயிர் தரித்த குழந்தைகள் 5. எஞ்சிய 30 குழந்தைகளும், கருவை மறைக்கத் தாயர் முன்னமே உட்கொண்ட நச்சு மருந்துகளால் கருவிலேயே ஊறுபட்டு இறந்தன என்கிறார்.

அன்பர்களே, இக்கணக்கைச் சற்று நின்று எண்ணுங்கள். இருபது ஆண்டுகளில் முப்பது சிசுக்களை இழந்தனர். பிள்ளையில்லாத சாவித்திரிபாய் பிறர் பிள்ளைகளை ஏந்தி ஏந்திப் பறிகொடுத்தார். ஆயினும் அவ்வில்லத்தின் கதவை அவர்கள் அடைக்கவில்லை. ஐந்து உயிர் எஞ்சுமெனினும் முப்பது துயரைத் தாங்கலாம் என்பதே அவர்களது துணிவு. கருணை என்பது நெஞ்சில் எழும் ஓர் இரக்கம் மட்டுமன்று. நாள்தோறும் இழப்பைக் கண்டும் ஓயாத உழைப்பு என்பதை இவர்கள்பால் காண்கின்றோம்.

யசுவந்தன்

1873ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் ஜோதிராவ் சத்தியசோதக சமாஜத்தை நிறுவினார். புரோகிதரின் தரகு இன்றியே மக்கள் தம் மணம் முதலிய சடங்குகளைச் செய்துகொள்ளலாம் என்பது அதன் கோட்பாடுகளுள் ஒன்று. பிராமண ஆதிக்கத்தைக் கடுமையாகச் சாடிய 'குலாம்கிரி' என்னும் நூலும் அவ்வாண்டே வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அவர் செய்தது யாது? அவ்வில்லத்தில் ஒரு பிராமண விதவை ஈன்ற ஆண் மகவைத் தம் மகனாக ஏற்றார். யசுவந்தன் என்று பெயரிட்டார். பிறந்த நாள் தொட்டுச் சாவித்திரிபாயே அக்குழந்தையைப் பேணினார்.

இச்செயலில் மூன்று உண்மைகள் பொதிந்துள்ளன என்று கருதுகின்றோம்.

முதலாவது, அக்குழந்தையின் பிறப்பை உலகம் இழிவென்றது. தாயின் குலத்தார்க்கு அஃது ஒரு களங்கம். தந்தை எனத் தக்கவன் முன்வரவில்லை. பிறப்பினால் இழிவு என்பது பொய் எனப் பேசுதல் எளிது. அப்பிறப்புடைய குழந்தைக்குத் தம் பெயரைச் சூட்டி, தம் மனையிலும் உடைமையிலும் உரிமை அளித்தல் அரிது. ஜோதிராவ் அரியதைச் செய்தார்.

இரண்டாவது, அவர் பகைத்தது ஆதிக்கத்தை, மனிதரை அன்று. தம்மை ஒரு பிராமண நண்பனின் திருமண ஊர்வலத்தில் இழிவுபடுத்தியோர், தம் மனைவிமேல் சாணம் எறிந்தோர் எக்குலத்தாரோ அக்குலத்துப் பெண்ணின் குழந்தையையே அவர் மார்போடு அணைத்தார். சாதியால் புண்பட்ட நாம் இதனை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். பகைமை பகைமையால் தணியாது என்னும் புத்தநெறிக்கு இஃது ஒரு வாழும் உரை. எனினும் தம் கண்டனத்தை அவர் ஓர் இம்மியும் குறைத்தாரில்லை. அநீதியைக் கண்டிப்பதும், அநீதியாளர் குலத்திற் பிறந்த ஏதிலிக் குழந்தையைக் காப்பதும் அவருக்கு ஒரே அறத்தின் இரு பக்கங்களாயின.

மூன்றாவது, நரகத்தினின்று தம்மை மீட்க அவர் மகனைத் தேடவில்லை. ஜோதிராவ் பௌத்தர் அல்லர். உலகைப் படைத்த ஒருவன் உளன் என்று நம்பியவர். அந்நம்பிக்கையில் நாம் அவரினின்று வேறுபடுகின்றோம். ஆயின், படைத்தவன் முன் ஆண், பெண் அனைவரும் ஒப்பர் எனவும், பிண்டத்தாலும் புரோகிதராலும் எவரும் நற்கதி பெறார் எனவும் அவர் உறுதியாகக் கூறினார். ஆகவே, அவர் இல்லத்தில் குழந்தை தந்தையின் பொருட்டு வளர்க்கப்படவில்லை. குழந்தையின் பொருட்டே தந்தை தந்தையானார்.

1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசியால் வாடிய சிறுவர்களுக்கு உணவளிக்கும் நிலையங்களை இத்தம்பதியர் அமைத்துப் பணியாற்றினர். ஒரு மகவை எடுத்ததோடு தம் கடமை தீர்ந்ததென அவர்கள் கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

உயிலும் திருமணமும்

ஜோதிராவுக்குச் சுற்றத்தாரின் மனநிலை தெரியும். பிராமண விதவையின் மகனைத் தம் குடும்ப உரிமையாளனாக அவர்கள் ஏற்கார் என்பதை உணர்ந்து, 1887இல் உயில் எழுதிப் பதிவு செய்தார். தம் உடைமை சாவித்திரிபாய்க்கும் யசுவந்தனுக்கும் உரியது என்றார். அதனோடு நில்லாமல், யசுவந்தன் கல்வியும் ஒழுக்கமும் இன்றிக் கெடுவானாயின், மாலி, குன்பி, தங்கர் முதலிய உழைக்கும் வகுப்பாருள் தகுதியுடைய சிறுவன் ஒருவனைத் தேர்ந்து அவனுக்கு அவ்வுடைமையை அளிக்க வேண்டும் என்றும் விதித்தார். இரத்த உறவு உரிமை தராது. வளர்ப்பு உறவும் தானாக உரிமை தந்துவிடாது. தகுதியே உரிமை தரும் என்பது இதன் கருத்து. அன்பு மிக்க தந்தை, கண்டிப்பும் மிக்கவராயிருந்தார்.

1888ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் பம்பாய் மக்கள் அவருக்கு மகாத்மா என்னும் பட்டம் சூட்டினர். சில வாரங்களில் பக்கவாதம் அவர் வலப்புறத்தை முடக்கியது. அவர் இடக்கையால் எழுதப் பழகித் தம் இறுதி நூலாகிய 'சார்வஜனிக் சத்திய தர்மம்' என்பதை முடித்தார்.

மகனுக்குப் பெண் தருவார் அரியராயினர். பிறப்பின் களங்கம் அங்கும் தொடர்ந்தது. சத்தியசோதக சமாஜத்துத் தொண்டர் ஞானோபா சாசனே தம் மகள் இராதையைத் தர முன்வந்தார். அப்பெண்ணைச் சாவித்திரிபாய் மணத்திற்கு முன்னரே தம் இல்லத்திற்கு அழைத்து வந்து, இருவரும் ஒருவரையொருவர் அறிய வாய்ப்பளித்தார். 1889ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் புரோகிதர் இன்றி அத்திருமணம் நடந்தேறியது.

கொள்ளிச்சட்டி ஏந்தியவர்

1890ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் ஜோதிராவ் மறைந்தார். இறுதி ஊர்வலம் புறப்படும் வேளையில் உறவினர் தடை எழுப்பினர். வளர்ப்பு மகன் கொள்ளிச்சட்டி ஏந்தலாகாது. இரத்த உறவினனே ஏந்த வேண்டும் என்றனர். தந்தையின் உடல் கிடக்க, மகன் மகனா அல்லனா என்னும் வழக்கு அங்கே எழுந்தது. பதினாறு ஆண்டு வளர்த்த அன்பு ஒரு மட்பாண்டத்தின் முன் ஐயத்திற்குள்ளாயிற்று.

சாவித்திரிபாய் எழுந்தார். கொள்ளிச்சட்டியைத் தம் கையில் ஏந்தினார். ஊர்வலத்தின் முன்னே நடந்து சென்று, தாமே சிதைக்குத் தீ மூட்டினார். பெண்கள் சுடுகாட்டின் பக்கமே செல்லாத காலம் அது. மகனின் உரிமையைக் காக்கத் தாய் செய்த இச்செயல், புதல்வன் கையால் இடும் நெருப்பே தந்தைக்குக் கதி என்னும் நம்பிக்கையையும் சேர்த்தே எரித்துவிட்டது.

உண்மையான மகன்கடனை யசுவந்தன் வேறு வகையிற் செலுத்தினார். தந்தை இடக்கையால் எழுதிவைத்த நூலை 1891இல் வெளியிட்டார். மருத்துவம் பயின்று படை மருத்துவப் பணியிற் சேர்ந்தார். குப்பை மேட்டிலிருந்து எடுக்கப்பட்ட ஜீவகரும் மருத்துவரானார். கொலையினின்று தப்பிய யசுவந்தனும் மருத்துவரானார்.

1897இல் புனேயைக் கொள்ளைநோயாகிய பிளேக் சூழ்ந்தது. சாவித்திரிபாய் மகனை அழைத்துக்கொண்டு, நகரின் புறத்தே நோயாளருக்கென ஒரு மருத்துவ நிலையம் அமைத்தார். முண்ட்வா என்னும் ஊரின் புறத்தே, மகார் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோயுற்றுக் கிடப்பதை அறிந்தார். அவனைத் தம் முதுகில் சுமந்து நிலையத்திற்குக் கொணர்ந்தார். அவரையும் அந்நோய் பற்றியது. மார்ச் 10ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். சிறுவன் பிழைத்தான் என்பர். சில ஆண்டுகளில் யசுவந்தனும், பிளேக் நோயாளருக்குப் பணி செய்யும்போதே, அந்நோயால் இறந்தார்.

ஒரு பிராமண விதவையின் மகவை மடியில் ஏந்தியவர், ஒரு மகார் சிறுவனை முதுகில் ஏந்தி இறந்தார். இவ்விரண்டிற்கும் இடையில் அவர் உள்ளம் எவ்வேறுபாடும் காணவில்லை.

நாம் கொள்ளத்தக்கது

ஜோதிராவ் மறைந்து ஐந்து மாதம் நிறையுமுன், 1891 ஏப்ரல் 14ஆம் நாள், அதே மகார் குலத்தில் அண்ணல் அம்பேத்கர் பிறந்தார். சூத்திரர் யார் என்பது பற்றி 1946இல் அவர் வெளியிட்ட நூலை மகாத்மா பூலேயின் நினைவிற்கே உரித்தாக்கினார். அவர் நாடாளுமன்றத்தில் கொணர்ந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவின் நோக்கங்களுள் ஒன்று, திருமணத்திலும் சுவீகாரத்திலும் சாதிக்கட்டை நீக்குவது. அம்மசோதா தடைப்பட்டு, 1951இல் அவர் பதவி துறந்தார். எனினும் 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் சாதிக்கட்டை நீக்கியது. பெண் மகவைத் தத்தெடுக்கவும் வழி செய்தது. 1962ஆம் ஆண்டுத் திருத்தம், கைவிடப்பட்ட குழந்தைகளையும் பெற்றோர் அறியப்படாத குழந்தைகளையும் நீதிமன்ற ஒப்புதலோடு மகவாக ஏற்க இடமளித்தது. இச்சட்டம் பௌத்தர்களுக்கும் உரியது. 1874இல் பூலே தம் மனையில் தனித்து நின்று செய்ததை, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து நாட்டின் சட்டம் எட்டிப் பிடித்தது.

சட்டம் திறந்த கதவை நம் உள்ளம் திறந்துள்ளதா? திரிசரணம் ஏற்ற நம் குடும்பங்களிலும் பிள்ளையில்லாதோர் உள்ளனர். அவருள் சிலர், எடுப்பதாயின் நம் உறவில் எடுப்போம், நம் இனத்தில் எடுப்போம் என்று காத்திருப்பதைக் காண்கின்றோம். வேறு சிலர், முதுமையில் சோறிட ஒருவன் வேண்டும், கொள்ளியிட ஒருவன் வேண்டும் என்கின்றனர். சாதியை விட்டு வெளியேறினோம் என்று உறுதிமொழி கூறிய நாம், தொட்டிலில் மட்டும் சாதியை வைத்துக்கொள்ளுதல் தகுமா? பிண்டம் இடேன் என்று சூளுரைத்த நாம், பிண்டத்திற்கெனப் பிள்ளை தேடுதல் தகுமா?

எல்லோரும் பிறர் மகவை எடுத்தல் வேண்டும் என்று நாம் கூறவில்லை. அஃது அவரவர் ஆற்றலையும் இல்லத்தையும் பொறுத்தது. முப்பது இழப்பைத் தாங்கிய நெஞ்சம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. ஆயின் எடுப்போர் அபயன் கேட்ட ஒரே கேள்வியைக் கேட்டு எடுப்பாராக. எடாதோர், எடுத்தோர் இல்லத்துப் பிள்ளையை நோக்கி, இவன் யார் பிள்ளை என்று ஒருநாளும் வினவாதிருப்பாராக. அப்பிள்ளை அவ்வில்லத்துப் பிள்ளையே. அதற்குமேல் அறிய வேண்டுவது ஒன்றுமில்லை.